கேளுங்கள், சொல்கிறோம்: இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள்

இந்த இதழில் இருபடிச் சமன்பாடு பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பாடநூல் எக்ஸ் என்று எழுதும் மாறியை இங்கே ‘ய’ என்றும், ஏ, பி, சி என்று எழுதும் கெழுக்களை அ, ஆ, இ என்றும் குறிக்கிறோம். பொது வடிவம்: அ·ய² + ஆ·ய + இ = 0. இதில் அ பூச்சியமாக இருக்கக் கூடாது. சமன்பாட்டைச் சரியாக்கும் ய மதிப்புகள்தான் அதன் மூலங்கள். தன்மைகாட்டி என்று சொல்லும் இடமெல்லாம் ஆ² − 4·அ·இ என்று படித்துக்கொள்ளுங்கள்.

நடு உறுப்பைப் பிரிக்க எந்த இரண்டு எண் என்று தேடியே நேரம் போய்விடுகிறது. 6ய² − 7ய − 20 = 0 என்ற ஒரு கணக்குக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. குறுக்குவழி உண்டா?
– பத்தாம் வகுப்பு மாணவி, தென்காசி

உண்டு. முதலில், தேடுவதையே ஒழுங்காகத் தேடலாம். முதல் கெழுவையும் மாறிலியையும் பெருக்கினால் 6 × (−20) = −120. பெருக்கினால் −120, கூட்டினால் −7 வரும் இரண்டு எண்கள் வேண்டும். பலரும் 1 × 120, 2 × 60 என்று ஓரத்திலிருந்து தொடங்குகிறார்கள். அங்கேதான் நேரம் போகிறது. பெருக்கற்பலன் குறை எண் என்றால் இரண்டு எண்களுக்கும் குறி வேறு வேறு. அப்படியானால் 7 என்பது, குறியை விட்டுப் பார்த்தால், அவற்றின் வித்தியாசம். வித்தியாசம் சிறிதாக இருந்தால் இரண்டு எண்களும் 120-இன் வர்க்கமூலத்தை, அதாவது 11-ஐ ஒட்டித்தான் இருக்கும். அங்கிருந்து வெளியே நகருங்கள். 10 × 12 என்றால் வித்தியாசம் 2, போதாது. 8 × 15 என்றால் வித்தியாசம் 7. பெரிய எண்ணுக்கு நடு உறுப்பின் குறியைக் கொடுங்கள்: −15, +8.

6ய² − 15ய + 8ய − 20
= 3ய(2ய − 5) + 4(2ய − 5)
= (2ய − 5)(3ய + 4)

மூலங்கள் 5/2, −4/3. உறுப்புகளை மாற்றி 6ய² + 8ய − 15ய − 20 என்று எழுதினாலும் இதே விடைதான் வரும். ஆனால் அப்போது −5 வெளியே வருவதால் உள்ளே −20 என்பது +4 ஆக மாறவேண்டும்: 2ய(3ய + 4) − 5(3ய + 4). அந்த இடத்தில் −4 என்று எழுதிவிட்டால் இரண்டு அடைப்புகளும் ஒத்துவராது. அடைப்புகள் ஒத்துவராவிட்டால் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்காதீர்கள். இரண்டாவது அடைப்பின் குறியை மட்டும் பாருங்கள், பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும்.

இனி, தேடவே வேண்டாத வழி. தன்மைகாட்டியைக் கணக்கிடுங்கள்: 49 + 480 = 529. இது 23-இன் வர்க்கம். நீங்கள் தேடும் இரண்டு எண்கள் (−7 + 23)/2, (−7 − 23)/2, அதாவது 8, −15. கூடுதலும் வித்தியாசமும் தெரிந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிப்பது போலத்தான் இது: கூடுதல் −7, வித்தியாசம் 23.

இந்த வழியில் இன்னொரு நன்மை. கெழுக்கள் முழு எண்களாக இருந்து, தன்மைகாட்டி முழு வர்க்கமாக இல்லையென்றால், அப்படி இரண்டு முழு எண்கள் கிடையவே கிடையாது. அதே கணக்கில் −20-க்குப் பதில் −15 இருந்தால் தன்மைகாட்டி 49 + 360 = 409. இது 20², 21² இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. அரை நாள் தேடினாலும் எண் அகப்படாது. ஆகவே காரணிப்படுத்தத் தொடங்கும் முன்பே ஓரத்தில் தன்மைகாட்டியை எழுதிப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

3ய² = 12ய என்பதை இருபுறமும் 3ய-ஆல் வகுத்து ய = 4 என்று எழுதினேன். மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். விடை தவறா?
– மாணவர், மன்னார்குடி

விடை பாதிதான். ய-ஆல் வகுக்கும்போது ‘ய பூச்சியம் இல்லை’ என்று நீங்களே முடிவு செய்துவிடுகிறீர்கள். ஆனால் ய = 0 என்று போட்டால் இருபுறமும் 0; அதுவும் ஒரு மூலம்தான். எல்லா உறுப்புகளையும் ஒரே பக்கம் கொண்டுவாருங்கள்: 3ய² − 12ய = 0, 3ய(ய − 4) = 0. மூலங்கள் 0, 4. எண்ணால் வகுக்கலாம், 3-ஆல் வகுத்தால் ஒன்றும் கெடாது. மாறியால் வகுத்தால் ஒரு மூலம் காணாமல் போகும்.

இதன் தம்பி ஒருவன் இருக்கிறான். (ய − 2)(ய − 3) = 2 என்று கொடுத்தால், ய − 2 = 2 அல்லது ய − 3 = 2 என்று எழுதி 4, 5 என்று முடித்துவிடுவது. இரண்டு எண்களின் பெருக்கற்பலன் பூச்சியம் என்றால்தான் ஏதோ ஒன்று பூச்சியம் என்று உறுதியாகச் சொல்லமுடியும். பெருக்கற்பலன் 2 என்றால் 1 × 2, ½ × 4 என்று எத்தனையோ வழிகள் உண்டு. விரித்தெழுதி 2-ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால் ய² − 5ய + 4 = 0; மூலங்கள் 1, 4. தவறான வழியிலும் 4 வந்துவிட்டது. இப்படிப் பாதி சரியாக வருவதால்தான் இந்தப் பிழை கண்ணில் படாமல் நிலைத்துவிடுகிறது.

வர்க்கப் பூர்த்தி முறையில் ‘பாதியின் வர்க்கத்தைக் கூட்டு’ என்கிறார்கள். ஏன் பாதி என்று மகன் கேட்கிறான். எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
– ஒரு தாய், ஈரோடு

கத்தரிக்கோலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள். ய² + 10ய = 39 என்ற கணக்கை எடுப்போம். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி தம் இயற்கணித நூலில் விளக்கிய கணக்கு இது.

ய பக்கமுள்ள ஒரு சதுரம் வெட்டுங்கள். அதன் பரப்பு ய². நீளம் 10, அகலம் ய உள்ள ஒரு பட்டை வெட்டுங்கள். அதன் பரப்பு 10ய. இரண்டும் சேர்ந்து 39. இப்போது பட்டை முழுவதையும் சதுரத்தின் ஒரே பக்கத்தில் ஒட்டினால் நீள்சதுரம்தான் கிடைக்கும். நமக்கு வேண்டியது சதுரம். அதற்குப் பட்டையை நடுவில் வெட்டி, 5 × ய அளவில் இரண்டாக்கி, ஒன்றை வலப்பக்கமும் ஒன்றைக் கீழேயும் ஒட்டவேண்டும். பாதி வருவது இங்கேதான்: சதுரத்தின் இரண்டு பக்கமும் ஒரே அளவு வளரவேண்டும் என்பதால்.

ஒட்டிப் பார்த்தால் வலது கீழ் மூலையில் ஒரு துண்டு குறையும். அந்த ஓட்டையின் அளவு 5 × 5 = 25. அதை நிரப்பினால் சதுரம் முழுமையாகிறது. ‘வர்க்கப் பூர்த்தி’ என்ற பெயரின் பொருளே அதுதான். பரப்பு 39 + 25 = 64. பக்கம் 8. பக்கம் என்பது ய + 5; ஆகவே ய = 3. காகிதத்தில் நீளம் குறை எண்ணாக இருக்கமுடியாது என்பதால் அல்-குவாரிஸ்மி 3-உடன் நின்றார். நாம் ய + 5 = −8 என்பதையும் எடுத்துக்கொண்டு −13 என்ற இரண்டாவது மூலத்தையும் எழுதுகிறோம்.

ய²-இன் கெழு 1 இல்லாதபோது பாடநூல் முறையில் முதலில் அந்தக் கெழுவால் வகுக்கவேண்டும். அங்கே பின்னங்கள் வந்து பிள்ளைகளைக் களைப்படையச் செய்யும். 2ய² + 7ய − 4 = 0 என்றால் 7/2, அதில் பாதி 7/4, அதன் வர்க்கம் 49/16 என்று போகும். இதைத் தவிர்க்கப் பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரர் ஓர் அருமையான வழி சொல்லியிருக்கிறார். அவருடைய இயற்கணித நூல் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டாம் பாஸ்கரர் 1150-ஐ ஒட்டி எழுதிய பீஜகணிதத்தில் இந்த விதியை அவர் பெயரோடு எடுத்துக்காட்டியிருப்பதால் பிழைத்தது. விதி இதுதான்: வகுக்காதே, வர்க்கத்தின் கெழுவைப் போல நான்கு மடங்கால் இருபுறமும் பெருக்கு, பிறகு நடுக்கெழுவின் வர்க்கத்தை இருபுறமும் கூட்டு.

2ய² + 7ய = 4
8-ஆல் பெருக்க: 16ய² + 56ய = 32
49-ஐக் கூட்ட: 16ய² + 56ய + 49 = 81
(4ய + 7)² = 81
4ய + 7 = 9 அல்லது −9
ய = ½ அல்லது −4

கடைசி வரி வரை ஒரு பின்னம்கூட வரவில்லை. 2-ஆல் பெருக்கினாலே முதல் உறுப்பு 4ய² என்று முழு வர்க்கமாகிவிடுமே, ஏன் இன்னும் நான்கு மடங்கு என்று மகன் கேட்டால் மகிழ்ச்சியடையுங்கள், நல்ல கேள்வி. 2-ஆல் மட்டும் பெருக்கினால் 4ய² + 14ய வரும். (2ய + ஏதோ)² என்று எழுத, அந்த ‘ஏதோ’ 14-ஐ 4-ஆல் வகுத்த 7/2 ஆகிறது. பாதி என்ற பின்னம் மீண்டும் நுழைகிறது. மேலும் ஒரு 4 பெருக்கினால் அந்தப் பாதி மறைந்துபோகிறது.

எண்களுக்குப் பதில் அ, ஆ, இ போட்டு இதே மூன்று வரிகளை எழுதச் சொல்லுங்கள். (2·அ·ய + ஆ)² = ஆ² − 4·அ·இ என்று வந்து நிற்கும். வலப்பக்கம் இருப்பது தன்மைகாட்டி. மேலே 81 இருந்த இடத்தில் அது இருக்கிறது. இன்னும் இரண்டு வரி எழுதினால் சூத்திரமே வந்துவிடும்: ய = (−ஆ ± √தன்மைகாட்டி) / (2·அ). சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளை ஒருமுறையாவது இந்த வழியாக அதை அடைந்திருக்கவேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறார்கள். விடை மட்டும் தவறுகிறது. எங்கே கவனிக்கச் சொல்லவேண்டும்?
– ஆசிரியை, நாகர்கோவில்

3ய² = 4ய + 2 என்ற ஒரு கணக்கைக் கொடுங்கள். எல்லாச் சறுக்கலும் இதிலேயே தெரிந்துவிடும்.

முதல் சறுக்கல், சமன்பாட்டை ஒரு பக்கமாக்காமல் அ = 3, ஆ = 4, இ = 2 என்று எடுப்பது. 3ய² − 4ய − 2 = 0 என்று எழுதிய பிறகுதான் கெழு எடுக்கவேண்டும்; ஆ = −4, இ = −2. குறியும் கெழுவின் பகுதிதான்.

அடுத்தது ஆ². −4-இன் வர்க்கத்தை அடைப்பில்லாமல் −4² என்று எழுதி −16 என்று முடிப்பவர்கள் உண்டு. அடைப்புப் போட்டு (−4)² என்று எழுதும் பழக்கம் வரும்வரை விடாதீர்கள். பிறகு −4·அ·இ: −4 × 3 × (−2) = +24. இ குறை எண்ணாக இருந்தால் இந்த உறுப்பு கூடும்; அங்கே கழித்தால் 16 − 24 = −8 என்று வந்து, ‘மெய்யான மூலம் இல்லை’ என்று தவறாக முடியும். முதல் கெழுவும் மாறிலியும் எதிரெதிர்க் குறியில் இருந்தால் மெய்யான மூலங்கள் கட்டாயம் இரண்டு உண்டு. இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் இந்தப் பிழையை மாணவரே பிடித்துவிடுவார்.

சரியான தன்மைகாட்டி 40. ய = (4 ± √40)/6 = (4 ± 2√10)/6. வகுக்கும் கோடு −ஆ-வுக்கும் சேர்த்துத்தான்; √40-ஐ மட்டும் 6-ஆல் வகுப்பது இன்னொரு சறுக்கல். கடைசிச் சறுக்கல் சுருக்குவதில்: 4-ஐயும் 6-ஐயும் 2-ஆல் அடித்துவிட்டு, நடுவில் உள்ள 2√10-ஐ அப்படியே விட்டு (2 ± 2√10)/3 என்று எழுதுவது. மூன்று எண்களையும் அடிக்கவேண்டும்: (2 ± √10)/3. அதாவது ஏறத்தாழ 1.721, −0.387.

கோவையின் பூச்சியம், சமன்பாட்டின் மூலம் – இரண்டும் ஒன்றா?
– வாசகர், காரைக்கால்

எண் ஒன்றே, யாருக்குச் சொந்தம் என்பதில்தான் வேறுபாடு. பல்லுறுப்புக் கோவைக்குப் பூச்சியம், சமன்பாட்டுக்கு மூலம். ஆனால் இந்த வேறுபாடு மதிப்பெண்ணைத் தொடும் ஓர் இடம் உண்டு. 2ய² − 10ய + 12 = 0 என்ற சமன்பாட்டை 2-ஆல் வகுத்து ய² − 5ய + 6 = 0 என்று எழுதலாம்; மூலங்கள் மாறாது. ‘2ய² − 10ய + 12-ஐக் காரணிப்படுத்து’ என்று கேட்டால் அந்த 2-ஐ எறியக் கூடாது: 2(ய − 2)(ய − 3).

கெழுக்களில் வர்க்கமூலம் இருந்தால் எப்படிப் பிரிப்பது? உதாரணம்: √3ய² + 10ய + 7√3 = 0.
– மாணவி, திருவாரூர்

முன்பு சொன்னதேதான். √3 × 7√3 = 21; கூடுதல் 10; எண்கள் 3, 7. தடுமாற்றம் அடுத்த வரியில்தான் வரும்: 3 என்பதை √3 × √3 என்று பார்க்கவேண்டும். √3ய² + 3ய + 7ய + 7√3 = √3ய(ய + √3) + 7(ய + √3). மூலங்கள் −√3, −7/√3.

தன்மைகாட்டி குறை எண்ணாக வந்தால் ‘மூலங்கள் இல்லை’ என்று எழுதலாமா? உயர்தரம் படிக்கும் அண்ணா மூலங்கள் உண்டு என்கிறார்.
– சாதாரண தர மாணவன், வவுனியா

‘மெய்யான மூலங்கள் இல்லை’ என்று எழுதுங்கள். ‘மெய்யான’ என்ற சொல்லை விட்டால்தான் அண்ணாவோடு சண்டை வரும்.

ய² − 4ய + 13 = 0 என்று எடுத்துக்கொள்வோம். தன்மைகாட்டி 16 − 52 = −36. வர்க்கப் பூர்த்தி செய்தால் (ய − 2)² + 9 = 0. ஒரு மெய்யெண்ணின் வர்க்கம் ஒருபோதும் குறை ஆகாது. ஆகவே இடப்பக்கத்தின் மிகக் குறைந்த மதிப்பே 9. வரைந்தால் பரவளையத்தின் அடி (2, 9) என்ற புள்ளியில் நின்றுவிடும், கிடை அச்சைத் தொடாது.

அண்ணா √−1-ஐயும் ஓர் எண்ணாக எடுத்துக்கொள்கிறார். அவருக்கு மூலங்கள் 2 + 3√−1, 2 − 3√−1. உங்கள் பாடநூல் இவற்றைச் சிக்கலெண் என்கிறது, தமிழ்நாட்டில் கலப்பெண் என்பார்கள். கூட்டினால் 4, பெருக்கினால் 4 + 9 = 13; சமன்பாட்டின் கெழுக்களே திரும்பி வருகின்றன. பின்னால் அங்கே போகும்போது ஒன்றை மறக்காதீர்கள்: √−4 × √−9 என்பதை √36 = 6 என்று எழுதக் கூடாது. 2√−1 × 3√−1 = −6. வர்க்கமூலங்களைச் சேர்த்துப் பெருக்கும் விதி குறை எண்களுக்குச் செல்லாது.

25ய² − 75ய + 54-க்கு வரைபடம் போட அட்டவணை தயாரித்தேன். ய = 0, 1, 2, 3-க்கு மதிப்புகள் 54, 4, 4, 54. எல்லாம் மிகை எண். மூலம் இல்லை என்று முடிவு செய்யலாமா?
– மாணவர், தர்மபுரி

கூடாது. அட்டவணை சரி, முடிவுதான் அவசரம். மதிப்புகள் 54, 4, 4, 54 என்று கண்ணாடியில் பார்த்தது போல இருக்கின்றன அல்லவா? அப்படியானால் பரவளையத்தின் அடி 1-க்கும் 2-க்கும் நட்டநடுவில், ய = 1.5-இல் இருக்கிறது. அங்கே மதிப்பு 56.25 − 112.5 + 54 = −2.25. வளைவரை அச்சுக்குக் கீழே இறங்கி, அடுத்த முழு எண்ணுக்குள் மேலே ஏறிவிட்டது. மூலங்கள் 1.2, 1.8, இரண்டும் ஒரே இடைவெளியில் ஒளிந்திருக்கின்றன. அட்டவணை போடும்போது முழு எண்களோடு −ஆ/(2·அ) என்ற புள்ளியையும் எப்போதும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துக் கணக்குகளில் இரண்டு விடை வருகிறது. எதை விடுவது? குறை எண்ணை அடித்துவிட்டால் போதுமா?
– வாசகர், திருச்சி

போதாது. பாஸ்கரரின் பீஜகணிதத்திலேயே இதற்கு இரண்டு குரங்குக் கணக்குகள் இருக்கின்றன. அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

முதல் கணக்கு: ஒரு குரங்குக் கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் காட்டில் விளையாடுகிறது, மீதி 12 குரங்குகள் குன்றின்மேல் கூச்சலிடுகின்றன. மொத்தம் எத்தனை? (ய/8)² + 12 = ய. 64-ஆல் பெருக்கினால் ய² − 64ய + 768 = 0. தன்மைகாட்டி 4096 − 3072 = 1024 = 32². மூலங்கள் 48, 16. 48 என்றால் 36 விளையாடுகின்றன, 12 குன்றில். 16 என்றால் 4 விளையாடுகின்றன, 12 குன்றில். இரண்டும் பொருந்துகின்றன, பாஸ்கரர் இரண்டையுமே விடையாகக் கொள்கிறார். ஒரு விடைதான் இருக்கவேண்டும் என்று நாமாக ஒன்றை அடித்துவிடக் கூடாது.

இரண்டாவது: கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் கழித்து, அதன் வர்க்க அளவு குரங்குகள் குகைக்குள் போயின, கிளையில் ஏறிய ஒன்று மட்டும் கண்ணில் படுகிறது. (ய/5 − 3)² + 1 = ய. விரித்து 25-ஆல் பெருக்கினால் ய² − 55ய + 250 = 0. தன்மைகாட்டி 3025 − 1000 = 2025 = 45². மூலங்கள் 50, 5. இரண்டும் மிகை முழு எண்கள். குறை எண்ணை மட்டும் அடிக்கிறவர் இங்கே இரண்டையும் எழுதிவிடுவார். ஆனால் 5-ஐ வாசகத்தில் போட்டுப் பாருங்கள்: ஐந்தில் ஒரு பங்கு 1, அதில் 3-ஐக் கழித்தால் −2. ஒரு குரங்கிலிருந்து மூன்று குரங்கைக் கழிக்கமுடியாது. வர்க்கம் எடுக்கும்போது −2 என்பது 4 ஆகி, சமன்பாட்டுக்குள் அந்தக் குறை தெரியாமல் மறைந்துவிட்டது. பாஸ்கரர் இந்த 5-ஐ ஏற்கவில்லை. 50 என்றால் 10 − 3 = 7; குகையில் 49, கிளையில் 1.

ஆக, விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் போதாது. கேள்வியின் வாசகத்தில் போட்டு, நடுவில் வரும் ஒவ்வோர் அளவும் பொருளுள்ளதா என்று பார்க்கவேண்டும். குறை எண் என்பதற்காகவே அடிப்பதும் தவறு. ‘ஓர் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணைவிட 12 அதிகம்’ என்றால் 4, −3 இரண்டும் விடை. நீளம், வயது, ஆட்களின் எண்ணிக்கை என்று இருந்தால்தான் −3-ஐ விடவேண்டும். விட்ட காரணத்தையும் ஒரு வரியில் எழுதவேண்டும்.

(த − 1)ய² + 2(த − 1)ய + 2 = 0 என்ற இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் சமம் எனில் த-வின் மதிப்பு 1, 3 என்று எழுதினேன். விடைக்குறிப்பில் 3 மட்டும் இருக்கிறது.
– மாணவி, விருதுநகர்

தன்மைகாட்டி 4(த − 1)² − 8(த − 1) = 4(த − 1)(த − 3). பூச்சியமாக்கினால் 1, 3 என்பது சரி. ஆனால் த = 1 என்று மேலே போடுங்கள்: ய²-உம் போயிற்று, ய-யும் போயிற்று, 2 = 0 என்று நிற்கிறது. முதல் கெழுவில் எழுத்து வந்தால், வேறெதுவும் செய்யும் முன் ‘த ≠ 1’ என்று ஓரத்தில் குறித்துவிடுங்கள்.

விடை சரியா என்று அரை நிமிடத்தில் பார்க்க வழி? சூத்திரம் மறந்துபோனால் என்ன செய்வது?
– மாணவர், புதுச்சேரி

இரண்டுக்கும் ஒரே பதில்: மூலங்களின் கூடுதல் −ஆ/அ, பெருக்கற்பலன் இ/அ.

சரிபார்க்க: நாகர்கோவில் ஆசிரியைக்குச் சொன்ன கணக்கில் 1.721 + (−0.387) = 1.334, இருக்கவேண்டியது 4/3. தோராயமாக எடுத்ததால் கடைசி இலக்கத்தில் சிறு வேறுபாடு, அது பரவாயில்லை. பெருக்கற்பலனையும் பாருங்கள், கூடுதலை மட்டும் பார்த்தால் √ உள்ளே நடந்த பிழை தப்பிவிடும், ஏனென்றால் கூட்டும்போது ± பகுதி அடிபட்டுப் போகிறது.

சூத்திரம் இல்லாமல்: ய² − 14ய + 46 = 0 என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 14, ஆகவே சராசரி 7. ஒரு மூலம் 7-க்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ, மற்றது அவ்வளவு கீழே. அந்த அளவை ‘வ’ என்போம். (7 + வ)(7 − வ) = 46, அதாவது 49 − வ² = 46, வ² = 3. மூலங்கள் 7 + √3, 7 − √3. கூடுதலும் பெருக்கற்பலனும் தெரிந்த இரண்டு அளவுகளை இப்படிப் பாதிக் கூடுதல், பாதி வித்தியாசம் வழியாகக் கண்டுபிடிப்பது பாபிலோனியக் களிமண் பலகைகளிலேயே இருக்கிறது. ய²-இன் கெழு 1 ஆக இருக்கவேண்டும். இல்லையென்றால் முதலில் வகுத்துவிடுங்கள்.

ய² − 300ய + 1 = 0. கால்குலேட்டரில் √89996-ஐ 299.99 என்று இரண்டு தசமத்தோடு எடுத்துச் சூத்திரத்தில் போட்டேன். சிறிய மூலம் 0.005 வந்தது. நண்பருக்கு 0.0033. யார் சரி?
– பாலிடெக்னிக் மாணவர், கோவை

நண்பர். நீங்கள் சூத்திரத்தில் பிழை செய்யவில்லை, ஆனாலும் விடை ஒன்றரை மடங்காகிவிட்டது. காரணம் கழித்தல். √89996-இன் மதிப்பு 299.99333... நீங்கள் விட்டது வெறும் 0.00333, 300-க்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் 300-இலிருந்து கழித்தால் மீதி 0.00667 இருக்கவேண்டிய இடத்தில் உங்களுக்கு 0.01 நிற்கிறது. ஏறத்தாழச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது நம்பகமான இலக்கங்கள் எல்லாம் அடிபட்டு, தோராயத்தில் விட்ட பகுதி மட்டும் மேலே வந்துவிடுகிறது. கணினியில் நிரல் எழுதுகிறவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். அங்கே இலக்கங்கள் அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

தசமங்களைக் கூட்டாமலே தப்பிக்கலாம். கூட்டல் வரும் மூலத்தை மட்டும் சூத்திரத்தில் எடுங்கள்: (300 + 299.99)/2 = 299.995. மூலங்களின் பெருக்கற்பலன் 1. ஆகவே மற்றது 1/299.995 = 0.0033334. அதே இரண்டு தசம √ தான், இப்போது நான்கு இலக்கத்துக்குச் சரியான விடை கிடைக்கிறது. ஆ மிகை எண்ணாக இருந்தால் −ஆ-வோடு −√ சேரும் மூலத்தை முதலில் எடுக்கவேண்டும். அங்கே அதுதான் கழித்தல் இல்லாத பக்கம்.